வீட்டில் ஆள் முடியாமல் இருக்கும்போது கிட்டார் கேட்டு மகிழ்வது தப்பா?

உறையூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சங்கீதம் முறையாகப் படித்தவள் இல்லை நான். ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இங்கே விவரம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

என் கணவருக்குச் சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. போன ஆடி மாதத்திலிருந்து வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினில் இருக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் பணக் கவலை கொஞ்சம் குறைந்தது. அலைச்சலும் பயமும் குறையவில்லை. அவருக்குத் தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும். திருச்சி வெயிலில், தாகமாக இருக்கும் மனுஷருக்கு டம்ளரில் பாதி ஊற்றி நீட்டுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அந்த நாலு மணி நேரமும் நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். முதலில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் அதற்கும் மனசு ஓடவில்லை. என் மகன் (இப்போது புனேயில் படிக்கிறான்) பள்ளியில் படிக்கும்போது கிட்டார் கற்றுக்கொண்டான். அவன் அடிக்கடி வாசிக்க முயன்ற ஒரு துண்டு இருக்கிறது, ஸ்பெயின்காரர் டாரெகா எழுதிய 'ரெக்குவெர்தோஸ் தெ லா அல்ஹாம்ப்ரா'. அவன் ஞாபகமாக அதைப் போனில் தேடிக் கேட்டேன். அது முடிந்ததும் அடுத்தடுத்து வேறு வேறு கிட்டார் இசை வந்தது. அன்றிலிருந்து வராந்தாவில் இதுதான் எனக்குத் துணை. துணை என்று சொல்வதுகூடப் போதாது, எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. இந்த வருஷத்தில் வேறு எதிலும் கிடைக்காத சந்தோஷம்.

அங்கேதான் சிக்கல். போன வாரம் என் பெரிய நாத்தனார் பார்க்க வந்தார். நான் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, முழங்காலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் போல. "என் தம்பி உள்ளே ரத்தம் சுத்திக்கிட்டுக் கிடக்கான், உனக்குப் பாட்டு கேக்குதா?" என்று கேட்டுவிட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு காதில் மாட்டும்போதெல்லாம் கை தயங்குகிறது.

மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, இப்படி ஒரு நேரத்தில் மனசு நிறைவது சரிதானா? உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? இரண்டு, தானாக வந்த ஒரு இசையின் பெயர் தெரியவில்லை. முதலில் கிட்டார் மெதுவாக நாலைந்து முறை மொத்தக் கம்பியையும் தடவுகிறது. அதன்மேல் ஒரு ஊதுகுழல் மிகவும் துக்கமாக ஒரு மெட்டை எடுக்கிறது. பிறகு அதே மெட்டைக் கிட்டார் வாங்கிக்கொண்டு இழைக்கிறது. பின்னால் பெரிய குழு வாசிக்கிறது. பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடும். அது என்ன? மூன்று, மகனின் கிட்டார் பீரோமேல் இருக்கிறது. 46 வயதில், இவ்வளவு வேலைக்கு நடுவில், அதை எடுத்து நானும் ஏதாவது வாசிக்க முடியுமா?


நைட் டியூட்டி எழுதியது:

அக்கா, நான் மதுரையில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். இசை பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

மெஷினைக் கவனிப்பது எங்கள் வேலை. அலாரம் அடித்தால் ஓடுவது நாங்கள்தான். வெளியே இருக்கும் நீங்கள் நாலு மணி நேரமும் பயந்துகொண்டே இருந்தால் உள்ளே ஒரு சொட்டு ரத்தம்கூடக் கூடுதலாகச் சுத்தமாகப் போவதில்லை. கூட வருபவர்கள் வாடிப்போவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். நோயாளிக்காவது சாப்பாட்டுக் கணக்கு, மாத்திரைக் கணக்கு என்று யாராவது கேட்கிறார்கள். கூட வரும் மனைவியை "நீ சாப்பிட்டியா" என்று கேட்க ஆள் இருப்பதில்லை. நீங்கள் தாராளமாகக் கேளுங்கள்.

நாத்தனார் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் தன் தம்பியை அந்த டியூபுகளோடு முதல் தடவையாகப் பார்த்திருப்பார். முதல் தடவை பார்ப்பவர்கள் பயத்தில் யார் மேலாவது பாய்வார்கள். எங்கள் மேலும் பாய்வார்கள்.

இன்னொன்று. அண்ணனிடமும் கேட்டுப் பாருங்கள். நாலு மணி நேரம் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது சாதாரண விஷயம் இல்லை. மூணாவது மணி நேரத்துக்கு மேல் சிலருக்குப் பிரஷர் இறங்கும், காலைப் பிடித்து இழுக்கும், பொழுது நகராது. ஃபிஸ்டுலா கையை (ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த கை) அசைக்காமல், இன்னொரு கையால் எடுக்கிற மாதிரி போனை வைத்துக் கொடுங்கள். ஒரு காதில் மட்டும் மாட்டச் சொல்லுங்கள், நாங்கள் கூப்பிட்டால் கேட்க வேண்டும். அவருக்குக் கிட்டார் பிடிக்காமல் போகலாம். பழைய சினிமாப் பாட்டோ, கிரிக்கெட் கமென்ட்ரியோ எதுவாக இருந்தாலும் சரி.


குருநகர் எழுதியது:

அக்கா, நான் யாழ்ப்பாணம், குருநகர். இப்ப டொரொன்டோவில் இருக்கிறேன். நீங்கள் கேட்ட முதல் கேள்வியை எங்கட வீட்டிலும் ஒருவர் கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

1990க்குப் பிறகு எங்களுக்குக் கரண்ட் இல்லை. பற்றரி, பெற்றோல் எல்லாத்துக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள்ளே பஞ்சு வைத்து, ரெண்டு சொட்டு மண்ணெண்ணெயில் எரிகிற விளக்கில்தான் படிப்பு. பாட்டுக் கேட்க வேணுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிற்பாட்டி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேப் ரெக்கோடரை ஓடவிட வேணும். சுற்றுகிறவன் களைத்தால் பாட்டும் இழுபடும். இது கதை இல்லை, அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்த எவரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

கிற்றாருக்கு இதொன்றும் தேவையில்லை. அதுதான் அதின்ர பெருமை. எங்கட ஊரில் கோயில் பாடகர் குழுவுக்கென்று ஒரு கிற்றார் இருந்தது. கரோலுக்கும் அதுதான், கலியாண வீட்டில் பைலா ஆட்டப் பாட்டுக்கும் அதுதான். கம்பி அறுந்தால் புதுக் கம்பி வாங்க வழியில்லை. சைக்கிள் பிறேக் கேபிளைப் பிரித்து ஒரு இழையை எடுத்துக் கட்டியிருக்கிறோம். சத்தம் கொஞ்சம் கரகரப்பாக வரும், ஆனால் வரும்.

1993 நவம்பரில் எங்கட யாகப்பர் கோயிலில் விமானக் குண்டு விழுந்தது. சனம் செத்தது. அந்த வருசம் நத்தாருக்கு (கிறிஸ்மசுக்கு) பாடுவதா இல்லையா என்று எங்களுக்குள்ளே பெரிய கதை. அதற்கு முதல் வருசம்தான் எங்கட அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அப்ப பெரியப்பா வந்து, ஆண்டுத் திவசம் முடியும்வரை வீட்டில் கிற்றார்ச் சத்தம் கேட்கக் கூடாது என்று சொல்லிப்போட்டார். நானும் துணியால் சுற்றி மூலையில் வைத்துவிட்டேன். ஒரு இரவு, குண்டு போடுகிற பொம்பர் விமானம் சுற்றிப்போன பிறகு, பங்கருக்குள்ளேயிருந்து ஏறி வந்ததும் அம்மாதான் சொன்னா: "அதை எடடா. கொப்பர் இருந்தால் இவ்வளவு நாள் சும்மா வைக்க விட்டிருப்பாரே?" தங்கச்சிமார் நித்திரையில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பெரிசாக ஒன்றும் வாசிக்கத் தெரியாதவன். மூன்று கோட்ஸ் (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டு) மட்டும் மாற்றி மாற்றித் தட்டினேன். சின்னத் தங்கச்சி கொஞ்ச நேரத்தில் சிரித்தாள். பெரியப்பா அடுத்த வீட்டிலிருந்து கேட்டிருப்பார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

நத்தாருக்கும் பாடினோம். அழுதுகொண்டேதான் பாடினோம். ஆனால் பாடி முடிய எல்லோருக்கும் பசித்தது. அதுவரை எவருக்கும் சாப்பாடு இறங்கியிருக்கவில்லை.

அக்கா, நீங்கள் சந்தோசப்படுவதால் அத்தானுக்குச் செய்ய வேண்டிய எதுவும் குறையப்போவதில்லை. நீங்கள் கேளுங்கோ.


ஆறுகம்பி எழுதியது:

அம்மா, நான் கோவையில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளைகள், மீதிப் பேர் முப்பதைத் தாண்டியவர்கள். பெரியவர்களில் பலர் வீட்டில் ஏதோ ஒரு கஷ்டம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் வந்து சேர்ந்தார்கள். காரணத்தை நான் கேட்பதில்லை, சில மாதம் கழித்து அவர்களே சொல்வார்கள். அதனால் உங்கள் கேள்வி எனக்குப் புதிது இல்லை. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பெயர் கேட்ட இசையிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் சொன்ன அடையாளம் அவ்வளவு துல்லியம். அது ஹோவாகின் ரோட்ரிகோ எழுதிய 'கொன்சியெர்தோ தெ அரான்ஹுவெஸ்'. மூன்று பகுதி கொண்டது, நீங்கள் கேட்டது நடுப்பகுதியான அடாஜியோ, அதாவது மெதுவான நடை. முதலில் மெட்டை எடுக்கும் ஊதுகுழலின் பெயர் இங்கிலீஷ் ஹார்ன். ஓபோ என்ற மேற்கத்திய ஊதுகுழலின் குடும்பம், அதைவிடக் கொஞ்சம் நீளம், குரல் கொஞ்சம் கீழே.

ரோட்ரிகோ 1901இல் ஸ்பெயினில் சகுந்தோ என்ற ஊரில் பிறந்தவர். மூன்று வயதில் டிப்தீரியா வந்து பார்வை போய்விட்டது. பிரெய்லில்தான் இசை எழுதினார். இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: அவர் பியானோ கலைஞர், கிட்டார் வாசிப்பவர் இல்லை. கிட்டாருக்காக எழுதப்பட்டவற்றில் உலகமே அறிந்த ஒரு இசை, கிட்டார் வாசிக்காத ஒருவரின் மனசுக்குள் கேட்டது.

அதை எழுதியது 1939இல், பாரிஸில். அவருடைய நாட்டில் உள்நாட்டுப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது, ஐரோப்பாவில் அடுத்த போர் தொடங்க இருந்தது. அவருடைய மனைவி விக்டோரியா காம்ஹி, இஸ்தான்புல்லில் பிறந்த பியானோ கலைஞர். அந்த நேரத்தில் அவர்களுடைய முதல் குழந்தை கருவிலேயே இறந்துபோனது. இந்த அடாஜியோவில் என்ன இருக்கிறது என்று ரோட்ரிகோ நெடுங்காலம் வெளியே சொல்லவில்லை. பின்னாளில் விக்டோரியா தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார்: அதில் தங்கள் தேனிலவு நாட்களின் இனிய நினைவும் இருக்கிறது, அந்தக் குழந்தை போன துக்கமும் இருக்கிறது என்று.

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். சந்தோஷமும் துக்கமும் அங்கே தனித்தனிப் பக்கங்களில் இல்லை. ஒரே மெட்டுக்குள் இரண்டும் இருக்கின்றன. மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஒருவர் மகிழ்ந்திருந்த நாட்களை நினைத்து ஒரு மெட்டுக் கட்டினார். அதைத் தவறு என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? நீங்கள் வராந்தாவில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது, இன்னொரு ஆஸ்பத்திரிக் கவலைக்கு நடுவில் பிறந்த இசை. அது உங்களை வந்து தொட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அவர்களுக்கு 1941இல் ஒரு மகள் பிறந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த இசை முதல் முறை மேடை ஏறியது 1940 நவம்பரில், பார்சிலோனாவில்.

உங்கள் மகன் முயன்ற அல்ஹாம்ப்ரா பற்றியும் கொஞ்சம். கிட்டாரில் ஒரு கம்பியை மீட்டிய கணத்திலிருந்து அந்த ஒலி தேயத் தொடங்கிவிடும். வயலின்போல வில்லால் இழுத்து நீட்ட முடியாது, நாகஸ்வரம்போல மூச்சால் பிடித்து வைக்கவும் முடியாது. டாரெகா அந்த இசையில் என்ன செய்கிறார் என்றால், கட்டைவிரல் கீழே மெதுவாகத் தனி நடை நடக்கும். மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் மேலே ஒரே சுரத்தை அடுத்தடுத்து மூன்று முறை தட்டும். ஒன்று தேய்வதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் நம் காதுக்கு அது அறுபடாத ஒரே குரலாகக் கேட்கிறது. இதற்கு ட்ரெமலோ என்று பெயர். நான் இதைப் பல வருஷமாக வாசிக்கிறேன். இன்றைக்கும், தேய்ந்துகொண்டே இருக்கும் ஒன்றிலிருந்து இப்படி ஒரு நீண்ட குரலை உண்டாக்க முடிகிறதே என்று ஒவ்வொரு முறையும் மனசு விரிகிறது.

அடுத்து வயசு. எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண்மணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில், 1890களில் பிறந்தவர். இடது கைப் பழக்கம். வீட்டு வேலை செய்து காசு சேர்த்து, 3 டாலர் 75 சென்ட்டுக்கு ஒரு கிட்டார் வாங்கினார். வலது கைக்காரர்களுக்கான கிட்டார் அது. கம்பியை மாற்றிக் கட்டாமல் அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார். அதனால் எல்லோரும் விரலால் வாசிக்கும் மெட்டை அவர் கட்டைவிரலால் வாசித்தார், கட்டைவிரலால் தட்ட வேண்டிய அடிச்சுரங்களை விரலால் தட்டினார். சின்னப் பெண்ணாக இருக்கும்போதே 'ஃபிரெய்ட் ட்ரெயின்' என்ற பாட்டைக் கட்டினார். அப்புறம் கல்யாணம். தேவாலயத்தில் பெரியவர்கள், இந்த உலகத்துப் பாட்டெல்லாம் வேண்டாம், விட்டுவிடு என்றார்கள். விட்டுவிட்டார். பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடவே இல்லை.

வாஷிங்டனில் ஒரு பெரிய பல்பொருள் கடையில் வேலை பார்த்தபோது, கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். அது இசை ஆய்வாளர்களான சீகர் குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை வேலைக்கு நடுவில் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். கை மறக்கவில்லை. முதல் இசைத்தட்டு 1958இல், அறுபது வயதைத் தாண்டி. கிராமி விருது 1985இல், தொண்ணூறை ஒட்டி. விருது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. அடுப்பையும் துணியையும் பார்த்துக்கொண்டே அவர் அந்தக் கிட்டாரைச் சுவரிலிருந்து இறக்கினாரே, அதைத்தான் என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். அவருடைய வாசிப்பைக் கேளுங்கள். கேட்கும்போது காலும் கூடவே தட்டும்.

துள்ளலான இசை வேண்டுமென்றால் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிட்டார் கலைஞர். 1928இல் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்து, இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கிப்போயின. மீதி இரண்டு விரலால் அவர் ஓடும் ஓட்டத்தை ஐந்து விரல்காரர்கள் இன்னும் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். வயலின் கலைஞர் கிரப்பெல்லியோடு 1930களில் பதிவு செய்தவற்றைத் தேடுங்கள். காலையில் சமைக்கும்போது கேட்க அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

இப்போது பீரோமேல் இருக்கும் கிட்டார். அதை இன்றைக்கே இறக்குங்கள். முதலில் மேல் மூன்று கம்பிகள், அதாவது மெலிசானவை, கண்ணாடிபோல் தெரியும் நைலானா, பளபளப்பான இரும்பா என்று பாருங்கள். இது முக்கியம். இரும்புக் கம்பிக் கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவிசை இருக்கும், நைலானில் அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல். நைலான் கிட்டாரில் இரும்புக் கம்பி கட்டினால் பாலம், அதாவது பலகைமேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை, பிய்ந்துகொண்டு வரும். எது இருக்கிறதோ அதற்கானதை மட்டும் வாங்குங்கள். இரும்பு என்றால் கடையில் "எக்ஸ்ட்ரா லைட், பத்தாம் நம்பர் செட்" என்று கேளுங்கள், விரலுக்கு இதமாக இருக்கும். சுருதி சேர்க்கப் போனிலேயே செயலிகள் கிடைக்கின்றன. தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ.

முதல் பாடம் சொல்கிறேன். இடது கை ஒன்றுமே செய்ய வேண்டாம். கம்பியை அழுத்த வேண்டாம், அதனால் வலியும் இல்லை. வலது கட்டைவிரலால் தடித்த ஆறாவது கம்பியைத் தட்டுங்கள். பிறகு ஆள்காட்டி விரலால் மூன்றாவது கம்பி, நடுவிரலால் இரண்டாவது, மோதிர விரலால் முதலாவது. நான்கும் சம இடைவெளியில். சுருதி மட்டும் சரியாக இருந்தால், இந்த நான்கு திறந்த கம்பிகளும் சேர்ந்து தானாகவே 'இ மைனர்' என்ற கோர்டாக ஒலிக்கும். நீங்கள் கேட்கும் அந்த இசைகளின் வாசனை அதிலேயே வந்துவிடும். கணக்கு டீச்சருக்கு நாலு எண்ணுவது சொல்லித்தரத் தேவையில்லை. வேகம் வேண்டாம், சமம்தான் வேண்டும். கொஞ்சம் கை பழகியதும் கட்டைவிரலை மட்டும் ஐந்தாவது கம்பிக்கு நகர்த்துங்கள், அப்புறம் நாலாவதுக்கு, மறுபடி ஆறாவதுக்கு. மேலே மூன்று விரலும் அதே இடத்தில். ஒரு வாரத்துக்கு இது போதும்.

நேரம் பற்றிக் கவலைப்படாதீர்கள். குக்கர் விசில் வரும்வரை கிடைக்கும் நேரம் போதும். உங்களைப்போல் இருப்பவர்களுக்கு நான் ஒன்று சொல்வதுண்டு: கேட்பது மனசைத் தாங்கும், வாசிப்பது மனசை வேறு வேலைக்கு அனுப்பும். நாலு விரலும் சமமாக விழுகிறதா என்று கவனிக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ரத்தப் பரிசோதனையில் வரும் கிரியாட்டினின் எண் நினைவுக்கு வராது.


உறையூர்க்காரி எழுதியது:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. குருநகர் தம்பி, உங்கள் அம்மா சொன்னதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். உங்கள் தங்கைகள் எல்லோரும் நலமா?

நர்ஸ் தங்கை சொன்னபடி என் கணவரிடம் கேட்டேன். அவர் சினிமாப் பாட்டு வேண்டாம், நீ கேட்பதையே கொடு என்றார். அடாஜியோவைப் போட்டுக் கொடுத்தேன். வெளியே வந்ததும், "யாரோ கூப்பிடுற மாதிரியும் இருக்கு, வழியனுப்புற மாதிரியும் இருக்கு" என்று மட்டும் சொன்னார். சார், நீங்கள் எழுதிய ரோட்ரிகோ கதையை அதற்குப் பிறகுதான் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

நாத்தனாருக்கு நானே போன் செய்தேன். பாட்டைப் பற்றிப் பேசவில்லை. டயாலிசிஸ் எப்படி நடக்கும், எந்த ஊசி எதற்கு என்று விளக்கினேன். அவர் அழுதுவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை தானே கூட வந்து உட்காருகிறேன் என்றிருக்கிறார்.

கிட்டார் இரும்புக் கம்பிதான், துரு ஏறியிருந்தது. இருந்தாலும் புதுக் கம்பி வாங்கும் வரை பொறுக்கவில்லை. நேற்று சாயங்காலம் நீங்கள் சொன்ன அந்த நாலு கம்பிப் பாடம். முதலில் எண்ணிக்கொண்டே தட்டினேன், கொஞ்ச நேரம் கழித்து எண்ணுவதை விட்டுவிட்டேன். அது தானாக ஓடியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. இது என் கையிலிருந்தா வருகிறது என்று இருந்தது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கிட்டார் பலகைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஃபிஸ்டுலா போட்ட கையில் ரத்தம் ஓடும் அதிர்வு எப்போதும் இருக்கும், தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். "இங்கயும் அதே மாதிரி ஓடுதே" என்றார். அந்தக் கையை அவர் இவ்வளவு நாளாக வெறுப்போடுதான் தொட்டுப் பார்ப்பார். நேற்று அப்படி இல்லை.

ஆனால் ஐந்தாவது கம்பிக்கு நகரும்போது கட்டைவிரல் பழைய இடத்துக்கே போகிறது. இன்று காலை சுருதி ஏற்றும்போது முதல் கம்பி அறுந்தும் போய்விட்டது. அதை மட்டும் வாங்கினால் போதுமா? மகன் தீபாவளிக்குத்தான் வருவான். நானே மாட்டலாமா?


குருநகர் எழுதியது:

எல்லோரும் நலம் அக்கா. சின்னத் தங்கச்சி இப்ப லண்டனில், அவளின்ர மகளும் கிற்றார் பழகுகிறாள். பிறேக் கேபிள் மட்டும் கட்டிப்போடாதேங்கோ, உங்களுக்குக் கடை இருக்குது.


ஆறுகம்பி எழுதியது:

அம்மா, படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. சாரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

துரு ஏறிய செட் என்றால் ஆறையும் மாற்றிவிடுங்கள், ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் ஒலி ஒட்டாது. நீங்களே தாராளமாக மாட்டலாம். ஒரேயடியாக ஆறையும் கழற்ற வேண்டாம், ஒன்றைக் கழற்றி, அதற்குப் புதிதை மாட்டி, பிறகு அடுத்தது. கழுத்தின் மேலுள்ள இழுவிசை திடீரென்று மாறாமல் இருக்க அதுதான் நல்லது. பாலத்தில் ஒவ்வொரு கம்பியையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஆணி பிடித்திருக்கும். கம்பியைத் தளர்த்திய பிறகே அதைப் பிடுங்குங்கள். புதுக் கம்பியின் உருண்டை முனையை உள்ளே விட்டு, ஆணியை அழுத்திக்கொண்டே கம்பியை மேலே இழுத்தால் பிடித்துக்கொள்ளும். கழுத்து முனையில் சுருதி சேர்க்கும் திருகாணியில் இரண்டு மூன்று சுற்று வந்தால் போதும். முதல் கம்பியைச் சுருதி ஏற்றும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்குச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், அது இயல்புதான், மறுபடி மறுபடி ஏற்றுங்கள்.

கட்டைவிரலுக்கு ஒரு வழி: மேல் மூன்று விரல்களையும் அவற்றின் கம்பிமேல் ஓய்வாக வைத்துக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் ஆறு, ஐந்து, நாலு, ஐந்து என்று நடக்க விடுங்கள். பார்க்காமல் செய்யுங்கள். அது சரியானதும் எழுதுங்கள், இடது கைக்கு இரண்டு விரல் வேலை சொல்கிறேன்.